சாந்தன்பாறையில் இன்ஹேலர் தேடியது

ஜனவரியில் தோப்பில் தேங்காய் போட்டு முடித்த கையோடு நானும் மனைவி மல்லிகாவும் பெருமாட்டியிலிருந்து சாந்தன்பாறைக்குக் கிளம்பினோம். ஏலத் தோட்டத்துக்குள் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு வழியாகக் காரில் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். காலை ஆறுக்குப் புறப்பட்டு மதியம் ஒன்றரைக்கு அறையில் இருந்தோம். வாடகை நாளுக்கு 1,800 ரூபாய், சாப்பாடு தனி.

நாலு மணிக்கு மூடுபனி இறங்கியது. மல்லிகாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலரை அழுத்தினால் வெறும் காற்று. புதியது வீட்டு மேசை மேல் பத்திரமாக இருந்தது.

கைப்பேசியில் மருந்துக்கடை தேடினேன். உள்ளங்கையளவு திரையில் பாதியை ஏதோ விடுதி விளம்பரம் அடைத்துக்கொண்டது. தள்ளிவிடலாம் என்று பெருவிரலை வைத்தால் விளம்பரமே திறக்கிறது. ஒற்றைக் கோடு சிக்னலில் பழைய பக்கத்துக்குத் திரும்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் கண்ணில் பட்டது ஒரே கடை: போடி, 15 கிலோமீட்டர். எங்கள் பெருமாட்டியின் சமதளக் கணக்கில் அது இருபது நிமிடம். மல்லிகாவைக் காரில் ஏற்றிச் சாவியைத் திருகினேன்.

"ஏனுங்க... போறதுக்கு முந்தி... ஒரு போன்... போட்டுக் கேளுங்க" என்றாள், சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியபடி.

போட்டேன். கடைக்காரரே எடுத்தார். இன்ஹேலர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எங்க நிக்கிறீங்க, சாந்தன்பாறையா? அய்யய்யோ, அது காக்கா நேரா பறக்குற தூரம்ங்க. மலையெறங்கி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கனயே பஸ் நிக்கிற எடத்துக்குப் பின்னாடி ஒரு கடை இருக்கு, நம்மகிட்டதான் சரக்கு எடுக்குறாரு. வைங்க, நான் கேட்டுச் சொல்றேன்."

இரண்டு நிமிடத்தில் அவரே அழைத்தார். மருந்து இருக்கிறதாம், எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாராம். எங்கள் அறையிலிருந்து அந்தக் கடை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

அங்கே போய் வாங்கிய மருந்தை உறிஞ்சியதும் மல்லிகாவின் முகம் தெளிந்தது. பக்கத்திலேயே ஆளுக்கொரு பாலில்லாத கட்டன்சாயா குடித்தோம். அப்போதுதான் திரையை ஆற அமரத் தள்ளிப் பார்த்தேன். மருந்து வாங்கிய அதே கடை, விடுதி விளம்பரத்துக்கு அடியில் ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தது. வந்ததே எனக்கு ஓர் எரிச்சல்!

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். மருந்துக்கடை, ஆஸ்பத்திரி எண்களை வீட்டிலேயே பெரிய திரையில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலையில் கிலோமீட்டரை நம்பாதீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால் தேடவே வேண்டாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். சாயா குடித்த கையோடு கைப்பேசியைப் பைக்குள் போடப் போனேன். மல்லிகா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "அந்த போடிக்காரருக்குச் சொல்லோணுமில்லீங்க?"

அவளே அழைத்தாள். "அண்ணா, நீங்க சொன்ன கடையில மருந்து கெடைச்சுதுங்க, இப்ப செரியாயிருச்சுங்க, ரொம்ப நன்றிங்க" என்றாள். அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னாள்.