கதவில் ஐம்பது, உள்ளே பத்து

மின்சாரப் பேனல் செய்கிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மெயின் பிரேக்கர் ஷார்ட் சர்க்யூட்டில் எத்தனை கிலோ ஆம்பியர் தாங்குமோ, அதையே முழுப் பேனலின் தாங்குதிறன் என்று கதவிலுள்ள தகட்டில் பொறித்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் சின்ன பிரேக்கர்கள் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தாங்கும். ஷார்ட் ஆகும்போது பாய்கிற மின்சாரம் தகட்டைப் படித்துவிட்டா வரும்? இருப்பதில் சோப்ளாங்கி எதுவோ அது வெடிக்கும், எதிரே நிற்பவர் முகத்தில். பேனல்களைச் சோதித்துச் சான்று தருவது என் வேலை. இதற்காகச் சண்டை போட்டுப் போட்டு எனக்குச் சண்டைக்காரி என்று பெயர். உள்ளூர அதில் எனக்குப் பெருமைதான்.

போன கோடையில் தில்லியின் வடக்கு ஓரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனேன். தண்ணீர் மோட்டாருக்குப் புதுப் பேனல். பழையதைக் கழற்றியாகிவிட்டது. பக்கத்திலேயே பெரிய டிரான்ஸ்ஃபார்மர், ஷார்ட் ஆனால் பாய்கிற மின்சாரமும் பெரிதாக இருக்கும். தகட்டில் ஐம்பது, உள்ளே பத்து. மெயினையும் சின்ன பிரேக்கர்களையும் சேர்த்துச் சோதித்த சான்று இருந்தாலாவது ஒத்துக்கொண்டிருப்பேன். கேட்டேன், இல்லை. பேனலை நிராகரித்து எழுதினேன். மோட்டார் போடும் ஆளைக் கூப்பிட்டு, அறையைப் பூட்டுங்கள், யார் வந்தாலும் திறக்காதீர்கள் என்று இந்தியில் சொன்னேன். அவர் தலையாட்டினார். காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மெட்ரோவில் திரும்பும்போது மனசு நிறைவாக இருந்தது.

லோதி ரோடு வீட்டில் எனக்குச் சமைத்துத் தரும் அக்கா அதன்பிறகு தாமதமாக வரத் தொடங்கினார். விழுப்புரத்துப் பக்கம். பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் இருந்த வீட்டை இடித்ததும் எங்கோ தொலைவில் வீடு கொடுத்திருந்தார்கள். எங்கே என்று நான் கேட்டதில்லை. தாமதமானதும் கேட்டேன். நான் மோட்டார் அறையைப் பூட்டச் சொல்லிவிட்டு வந்த அதே குடியிருப்பு. காலையில் டேங்கர் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறாராம்.

அவர் பாத்திரம் கழுவும்போது என் வீட்டுக் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீரை நான் பார்க்காதது போல இருந்தேன். நிறுத்தியது நான்தான் என்று சொல்ல நா எழவில்லை. சொன்னால், எப்படியாவது பாஸ் பண்ணிவிடுங்கள் என்று கெஞ்சுவாரோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம், கெஞ்சினால் நான் இளகிவிடுவேனோ என்பது. ஊருக்கெல்லாம் சண்டைக்காரி, ஒரு சமையலறைக்குள் வாயடைத்து நின்றேன். பேனல் செய்து கொடுத்தவரைத்தான் தினமும் போனில் வறுத்தெடுத்தேன். ஐம்பது தாங்கும் பிரேக்கர் ஸ்டாக் இல்லை என்பதே அவருக்குத் தெரிந்த ஒரே பதில்.

ஒரு நாள் அக்கா கண் வீங்கி வந்தார். அவர் வீட்டுக்காரர்தான் அங்கே மோட்டார் போடுபவராம். அறைச் சாவி அவர் கையில் இருப்பதால், டேங்கர்காரனிடம் பணம் வாங்கிக்கொண்டு மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கிறார் என்று ஊரே ஏசுகிறதாம். முந்தின நாள் சட்டையைப் பிடித்துக் கிழித்துவிட்டார்களாம். அப்படியும் மனிதர் சாவியைக் கொடுக்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன். பேனலை நிறுத்தியது நான், பூட்டச் சொன்னது நான், ஷார்ட் ஆனால் அது வெடிக்கும், முன்னால் நிற்பவர் பிழைக்க மாட்டார், அதனால்தான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பாஸ் பண்ணச் சொல்லி அக்கா கெஞ்சவில்லை. அடுப்பை அணைத்தார்.

"எங்கிட்ட சொல்லாட்டிப் போவுதும்மா. அவருகிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். தெனம் அதும் முன்னாடி நிக்கிறவரு அவருதான."

யாருடைய முகத்துக்காகச் சண்டை போடுகிறேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அந்த முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததுகூட இல்லை. தமிழர் என்றே தெரியாமல் இந்தியில் உத்தரவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பிரேக்கர்களை மாற்றியதும் மறுபடி போனேன். அக்கா வீட்டுக்காரர் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். சட்டைத் தோளில் தையல் போட்டிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன். பிறகு அவரிடம் போனேன்.

"அண்ணே, அன்னைக்கே உங்ககிட்ட காரணத்தைச் சொல்லியிருக்கணும். என் தப்புதான், மன்னிச்சிடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பேனலைப் பார்த்தபடி, "ஜி, மேடம். சாலூ கரூங்?" என்றார். மோட்டாரைப் போடட்டுமா என்று இந்தியிலேயே கேட்டார்.