கூவலில் வைத்த மோட்டர்

சூடை மீன் தலை, குடல், கரையில் ஒதுங்கிய பாசி எல்லாம் மண்ணுக்குள் கிடந்து அழுகும்போது ஒரு நாற்றம் வரும். எங்கள் வளவில் அது எப்போதும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருக்கப் பிள்ளைகள் விரும்புவதில்லை. ஆனால் அந்த நாற்றத்துக்கு மேலேதான் பூசணி படர்ந்தது.

ஈச்சிலம்பற்றுக்கும் வெருகலுக்கும் இடையில், கடலுக்குக் கிட்ட, வெறும் மணல் வளவு. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அங்கே வீடும் இல்லை, மரமும் இல்லை. அப்பாவும் இல்லை. அம்மா மீன்கழிவு, மாட்டெரு, உமி, சருகு என்று கிடைத்ததை எல்லாம் மணலில் புதைத்து, மரவள்ளிக்கு இடையில் பயற்றை, பயற்றைக்குக் கீழே கீரை, ஓரத்தில் கொச்சிக்காய், வெண்டி, கத்தரி என்று கலந்து நட்டார். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்பது அவர் எண்ணம். உர மூட்டை வாங்கவில்லை. கரைவலைக்காரர் வீடுகளுக்கு மரக்கறி போகும். அங்கிருந்து மீனும் கழிவும் வரும். மூதூரில் இருந்து சைக்கிளில் வரும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் அரிசியும் உமியும் தந்து மரக்கறி ஏற்றிப் போவார்.

தண்ணீர் "கூவலில்" இருந்து. மணலில் இடுப்பளவுக்குத் தோண்டும் குழிக்கு அதுதான் பெயர். அதற்குமேல் தோண்டினால் உப்பு வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். குடத்தால் அள்ளி ஊற்றுவோம். அடி தெரிந்தால் நிறுத்தி, ஊறும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். நானும் அம்மாவும் மாறி மாறி அள்ளினோம். கை காய்த்துப் போனது.

ஒருநாள் நானா தன் தெரு முழுக்க மரக்கறி கேட்கிறார்கள் என்றார். "தங்கச்சி, நீங்க இந்தக் குடத்தால அள்ளி அள்ளி, என்ட ஊட்டுக்காரிக்கே கீரை காணாம இரிக்கி," என்று பகிடி விட்டார். அம்மா சிரிக்கவில்லை. பக்கத்து வெறும் வளவைப் பார்த்தார். எங்கள் கரைக்கும் நானாவின் தெருவுக்கும் கடைச் சாமான் இல்லாமலே சோறுகறி நடக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு அன்றைக்குத்தான் வந்தது. திரும்பி வந்த சனத்துக்கு உதவி செய்ய வந்த நிறுவனத்து ஆட்கள் என்ன வேண்டும் என்று கேட்டபோது, அம்மா தண்ணீர் இறைக்க மோட்டர் கேட்டார்.

மோட்டர் வந்தது. கூவலை நாங்கள் ஆழமாக்கவில்லை; அதே இடுப்பளவுதான். அதனால் பிழை ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்தோம். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. காத்திருக்கிற வேலை இல்லாமல் போனது. பக்கத்து வளவும் பச்சையானது. நானா சைக்கிளில் சாக்கு கட்ட இடமில்லாமல் நின்றார்.

கோடையின் வறண்ட கச்சான் காற்று தொடங்க, பயற்றை இலையின் ஓரம் கருகியது. தண்ணீர் காணாது என்று அம்மா இன்னும் கூட நேரம் மோட்டரை ஓடவிட்டார். கத்தரி பூவைக் கொட்டியது. குடிக்கப் பள்ளிக்கூடக் கிணற்றில் எடுப்பதால், கூவல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. வெயிலில் வந்த நானா அதில் முகம் கழுவி, வாய் கொப்பளித்துத் துப்பினார்.

"தங்கச்சி, இது கடல்," என்றார்.

அம்மா போய் மோட்டரை நிறுத்தினார். ஊறும் வரைக்கும் காத்திருக்காமல் இழுத்ததில், நல்ல தண்ணீர் முடிந்து, அடியில் கிடந்த உப்புத் தண்ணீர் மேலே ஏறியிருந்தது.

மாரி மழைக்கு உப்பு மாறும் என்றார்கள். கொஞ்சம் மாறியது. அதற்குள் எங்களைப் பார்த்துச் சுற்று வளவுகளிலும் மோட்டர் வைத்துவிட்டார்கள். அம்மா வீடு வீடாகப் போய் நிறுத்தச் சொன்னார். "உங்களுக்கு விளைஞ்சு முடிஞ்சுது. இப்ப எங்களை நிப்பாட்டச் சொல்லுறியளோ?" என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த கோடையில் ஊரில் எல்லாக் கூவலும் உப்பு.

எனக்கு இப்போது உப்புவெளியில் ஒரு விடுதிக் குசினியில் வேலை. தம்புள்ளையில் இருந்து லொறியில் வரும் மரக்கறியை வெட்டுகிறேன். எங்கள் ஊருக்கும் அதே லொறிதான். கூவல்களை மணல் மூடிவிட்டது. நானா வருவதில்லை. கொடுக்க ஒன்றும் இல்லாத இடத்துக்கு அவர் ஏன் வர வேண்டும்?

போன மாதம் லீவில் போனபோது, உதவி நிறுவனம் ஒன்றில் இருந்து புதிதாகச் சில இளம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மண்ணைக் கெடுக்காமல் பல பயிர் வைத்து, ஊருக்குள்ளேயே மாற்றிச் சாப்பிடலாம் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார்கள். நல்ல பிள்ளைகள். அம்மா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்த பிறகு, "தண்ணிக்கு என்ன செய்யிறது, மகள்?" என்று மட்டும் அவர்களில் ஒருத்தியைக் கேட்டார். அதற்கு வேறு ஆட்கள் வருவார்கள் என்றாள் அந்தப் பிள்ளை. அகத்தி, பயற்றைக் கன்றுகளை வைத்துவிட்டுப் போனார்கள்.

வாகனம் மறையும் மட்டும் அம்மா வாசல் படலையில் நின்றார். பிறகு கன்றுகளை ஒவ்வொன்றாகப் பையில் இருந்து பிடுங்கி, வளவில் கட்டியிருந்த ஆட்டுக்குக் கொடுத்தார்.