வேலிக்கு வெளியே நின்று விசாரித்தேன்

வெள்ளைச் சட்டை போட்டால் எனக்குத் தீட்டுக் கிடையாது. பிள்ளை பிறந்த வீடு, செத்த வீடு எதற்குள்ளும் போய் வரலாம். "மிஸ்ஸிக்கு என்ன துடக்கு?" என்று சனங்களே வழிவிடுவார்கள். சேலை கட்டிக்கொண்டு லீவில் நின்றால் நானும் எல்லாரையும்போல ஒரு பெண்தான். பிள்ளை பிறந்த வீட்டு வாசலை மிதித்தால் பிடித்த விரதம் பாழ்.

அப்போது நான் கிளிநொச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நேர்ஸ். குடியேற்றத் திட்டத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தேன். அம்மன் கோயில் பொங்கலுக்கு நேர்ந்து விரதம் பிடித்து, மூன்று நாள் லீவும் எடுத்திருந்தேன். யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைக்கவேண்டும் என்பதுதான் நேர்த்தி. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

பக்கத்து வளவில் ஒரு இளம் குடும்பம். காணி கிடைத்து யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலிருந்து வந்தவர்கள். அந்தப் பெண்ணுக்கு அது தலைப்பிள்ளை. ஆஸ்பத்திரியில்தான் பெறவேண்டும் என்று அவளை நச்சரித்து வைத்திருந்தவளும் நான்தான். ஆனால் வலி முந்திவிட்டது. பொங்கலுக்கு முதல்நாள் காலை வீட்டிலேயே மருத்துவிச்சி பெறுவித்துவிட்டுப் போய்விட்டா.

பத்து மணியிருக்கும், மாமியார் வேலியடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டா. பெண்பிள்ளை, சுகமாய் இருக்கிறது, மருமகளை ஒருக்கால் பார்க்கச் சொன்னா. நான் விரதம் என்றேன். கோயில் காரியம், அவவும் வற்புறுத்தவில்லை. அதனால் வேலிக்கு இப்பால் நின்றே விசாரித்தேன். நஞ்சுக்கொடி விழுந்துவிட்டதா? விழுந்துவிட்டது. இரத்தம்? மூன்று சீலைதான் மாற்றினதாம்.

"தண்ணி தண்ணி எண்டு அனுங்கிறாள். பெத்த உடம்புக்குத் தண்ணி ஆகாது எண்டு மருத்துவிச்சி சொன்னவா" என்றா மாமியார்.

சுடுதண்ணீர் கொஞ்சம் கொடுங்கோ, ஏதும் என்றால் கூப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டேன். பிள்ளை பெற்றவள் தாகம் என்றால் இரத்தம் போகிறதா என்று முதலில் அவளுடைய சீலையைப் பார் என்று பயிற்சியின் முதல் வருடத்திலேயே மண்டையில் குட்டிச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்தத் தண்ணீர்க் கட்டுப்பாட்டைப் பற்றி கிளினிக்கில் நான் செய்யாத பிரசங்கமா? ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் மாமியாரின் குரல் மாறிக் கேட்டது. அப்போது விரதமும் நினைவில்லை, கோயிலும் நினைவில்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினேன். அவளுடைய உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கை குளிர்ந்து ஈரமாக இருந்தது. நாடியைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது.

மாமியார் பொய் சொல்லவில்லை. மாற்றினது மூன்று சீலைதான். பிள்ளைப்பேற்றுக்கென்று அறையில் மணலைத் தடிப்பாய்ப் பரப்பி, மேலே பாய் விரிப்பது அவர்கள் வழக்கம். போனதையெல்லாம் மணல் குடித்துவிட்டது. பாயைத் தூக்கி மணலுக்குள் விரலை விட்டேன். விரல் போன ஆழமெல்லாம் நனைந்திருந்தது. காலையில் நான் உள்ளே வந்திருந்தால் முதலில் செய்திருக்கக்கூடிய வேலை அதுதான்.

வயிற்றை அழுத்தித் தேய்த்தேன், காலை உயர்த்தினேன், பிள்ளையை முலையில் போட்டேன். கணவன் ஓடிப்போய் ஒரு டிரக்டரைப் பிடித்துவந்தான். பின்னால் இழுக்கிற பெட்டியில் வைக்கோல் போட்டு அவளைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கணவன் பிள்ளையோடு முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகமுதல் முடிந்துவிட்டது.

டொக்டர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. லீவில் நின்றவளை எந்தச் சட்டம் என்ன கேட்கும்? வீட்டுப் பேறுகளில் நடக்கிறதுதான், நீர் முடிந்ததைச் செய்தீர் என்று ஆறுதல்கூடச் சொன்னார். பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்ற கணவன் என்னைக் கும்பிட்டான்.

டிரக்டர் பெட்டியில் அவள் ஒருதரம் கண் விழித்ததை நான் இருவருக்கும் சொல்லவில்லை. என்னை அடையாளம் கண்டாள். கோபமாய்ச் சொல்லவில்லை, சும்மா கதை சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"வேலியடியிலை உங்கட குரல் கேட்டது, மிஸ்ஸி. இப்ப வருவா எண்டு வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தனான்."