பம்மலில் தோலை அளக்க மறுத்த ஜாவா

இன்று காலை பம்மலில் ஒரு மெஷின் என்னோடு பேச மறுத்தது.

தோல் பட்டறை. தோலின் பரப்பளவை அளக்கும் மெஷின். அதை இயக்கும் மென்பொருள் எங்களுடையது. திரையில் தெரியும் ஜாவா நிரல் நான் எழுதியது. மெஷினோடு பேசும் சி மொழி நிரல், அதாவது லைப்ரரி, ஜோசப் எழுதியது. (சேலையூர் ஆபீசில் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி. பேச்சுவார்த்தை குறைவு.)

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கம்ப்யூட்டரைப் போட்டால், 'அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எரர்'. ஜாவாவுக்கு சி கிடைக்கவில்லை என்று பொருள்.

பன்னிரண்டு மணிக்குச் சரக்கு எடுக்க ஆள் வருகிறார். அளவுச் சீட்டு இல்லாமல் ஒரு தோலையும் தொட மாட்டார்.

முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார்.

"பூஜைக்கு மொத நாள் வரைக்கும் ஓடிச்சு தம்பி. யாரோ கை வெச்சிருக்காங்க. யாருன்னு தெரிஞ்சா இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கிடுவேன்."

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா, கம்ப்யூட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோசப்பின் லைப்ரரி இருக்க வேண்டிய ஃபோல்டரில் இருந்தது. ஜாவா தேடும் பாதையும் சரி. எரரின் கடைசியில்தான் விஷயம்: அந்த லைப்ரரி நம்பியிருக்கும் இன்னொன்றைக் காணவில்லை. எது என்று சொல்லவில்லை.

(கல்யாணக் கணக்கில் சொன்னால், மாப்பிள்ளை மண்டப வாசலில் நிற்கிறார். உறவுக்காரர் ஒருவர் வரவில்லையாம், உள்ளே நுழைய மாட்டாராம். யார் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.)

ஜோசப்புக்கு போன் போட்டேன்.

"என் கோட் பக்கா மச்சான். உன் ஜாவாவப் பாரு."

"உன் லைப்ரரி வேற எதையாவது நம்பி இருக்கா?"

"மெஷின் கம்பெனி குடுத்த ஃபைல் ஒண்ணு. பக்கத்துலயே வெச்சேனே."

பக்கத்தில் இல்லை.

முதலாளி வெளியே போனதும் செல்வி அக்கா கிட்டே வந்தார்.

"பூஜைக்கு எல்லா மெஷினையும் தொடச்சுப் பொட்டு வெச்சேன் சார். கம்ப்யூட்டருக்கு மேல மட்டும் தொடச்சா போதுமா? உள்ளயும் சுத்தம் பண்ணேன். யாரும் தொறக்காத ஃபைலு ஒண்ணு கெடந்துச்சு. நான் தொறந்தாலும் தொறக்கல. வேஸ்ட்டா கீதேன்னு அழிச்சுட்டேன்."

"ரீசைக்கிள் பின்ல இருக்குமே அக்கா?"

"குப்பைய வெச்சுக்கினு யாராச்சும் பூஜை பண்ணுவாங்களா சார்?"

நியாயம்தான்.

என் பென் டிரைவில் அந்த ஃபைலின் பிரதி இருந்தது. போட்டேன். முதல் தோல் உள்ளே போனது, திரையில் அளவு வந்தது. மணி பதினொன்றரை.

முதலாளி திரும்பி வந்தார்.

"இன்னா தம்பி ஆச்சு?"

"ஒரு ஃபைலைக் காணோம் சார். போட்டுட்டேன்."

"யாரு எடுத்தது?"

செல்வி அக்கா சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அடுக்கிய சீட்டுகள்.

"அதை ஜாவா சொல்லாது சார்."

இத்தனை வருடமாக அந்த எரரை அரைகுறை என்று திட்டியிருக்கிறேன். காணவில்லை என்று மட்டும் சொல்லி, யார் என்று சொல்லாமல் விட்ட அந்த எரரை எழுதிய புண்ணியவானுக்குப் பம்மலிலிருந்து நன்றி.