எதிர்த்தரப்பு வக்கீலின் கடிதம்

கட்டட வழக்குகளை விசாரித்துத் தீர்த்துவைக்கும் நடுவர் குழுவில் ஓர் இடம் காலியானது. அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் பேசப்போவது ஒரு பெண்ணைப் பற்றி. வயிற்றெரிச்சல் இல்லாதவன் சொல்கிறான் என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

அவளும் நானும் சட்டக் கல்லூரியில் ஒரே வகுப்பு. நான் முதலிடம், அவள் ஏழாவதோ எட்டாவதோ. ஒரே சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தோம். கொலை வழக்கும் கம்பெனி வழக்கும் எனக்கு வந்தன. ஒழுகும் கூரை, விரிசல் விட்ட சுவர், பாதியில் நின்ற கட்டடம் என்று யாரும் தொடாத வழக்குக் கட்டுகளை சீனியர் அவள் மேசைக்குத் தள்ளிவிட்டார். "பாவம், சிமென்ட் தூசியிலேயே கிடந்து சாகப்போற" என்று நான் சிரித்தேன். பத்து வருடத்தில் திரும்பிய பக்கமெல்லாம் கட்டடம் எழும்பியது. கட்டடத்துக்குக் கட்டடம் ஒரு சண்டை. என் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் அவள் அறைக்குப் போக வேண்டும். எல்லாரும் தாண்டிப் போனார்கள். கடைசியில் நானும் கட்டட வழக்குக்கு மாறினேன். அவளைப் பார்த்துத்தான் மாறினேன் என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

வக்கீல்கள் வட்டாரத்தில் அவளுக்கு 'டேப்' என்று பட்டப்பெயர். கைப்பையில் எப்போதும் அளக்கிற டேப் ஒன்று கிடக்கும். வழக்கு வந்ததும் நாங்கள் புத்தகத்தைப் புரட்டுவோம், அவள் கட்டடத்துக்குக் கிளம்பிவிடுவாள். கொத்தனாரிடம் கதை கேட்பாள், பிளம்பரோடு சேர்ந்து தண்ணீர்த் தொட்டி மேல் ஏறுவாள். ஐம்பது வயதில்! நான் ஏறினால் இறக்குவதற்கு நாலு பேர் வேண்டும். அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவள் வீடு திரும்பும்போது அவர் சமையலை முடித்து வைத்திருப்பார். அதைப் பார்த்தும் எனக்குக் காது புகைந்திருக்கிறது. என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.

நூலகக் கட்டட வழக்கைச் சொல்லியே ஆக வேண்டும். கட்டடம் எட்டு மாதம் தாமதம். நான் கட்டியவருக்கு வக்கீல், அவள் கட்டச் சொன்னவர்களுக்கு. மூன்றாம் மாடிக்குப் படிக்கட்டு வரைபடம் அவர்கள் தரப்பிலிருந்து வரவே இல்லை, அதனால்தான் வேலை நின்றது என்பது என் வாதம். நாலு வருடம், பதினோரு கட்டுகள். கட்டு கனமாக இருந்தால் நடுவர் மிரளுவார் என்பது எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. அதனால் வேலைத்தளத்தில் மேஸ்திரி தினமும் எழுதிய பதிவேட்டையும் ஆதாரமாகச் சேர்த்துக் கொடுத்தேன். கோழி கிளறின மாதிரி கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் டீக் கறை. நான் படிக்கவில்லை. அவள் படித்திருக்கிறாள்.

விசாரணையில் அவள் எழுந்து அதே பதிவேட்டை விரித்தாள். "படிக்கட்டு இல்லாம வேலை நின்னுச்சுன்னு சொல்ற வாரத்துல, மூணாவது மாடியில ஆறு பேர் டைல்ஸ் ஒட்டியிருக்காங்க. சாமான் தூக்குற லிஃப்ட் ரிப்பேர்னும் இதுலயே இருக்கு. அப்போ டைல்ஸ் பறந்தா போச்சு?"

நடுவர் என்னைப் பார்த்தார். நான் என் கட்சிக்காரரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அன்று மத்தியானத்துக்குள் வழக்கு சமாதானமாக முடிந்தது.

அப்படிப்பட்டவள்தான் போன வருடம் என் அறைக்கு வந்து நின்றாள். நடுவர் குழுவுக்கு விண்ணப்பிக்கிறவர் தன்னை எதிர்த்து வாதாடிய ஒரு வக்கீலிடம் கடிதம் வாங்க வேண்டும். அதைத் தானே படித்துப் பார்த்து, உள்ளது உண்மைதான் என்று கையெழுத்தும் போட வேண்டும். இது அந்தக் குழுவின் விதி.

"நீதான் எழுதித் தரணும். உன்னளவுக்கு என்கூட மோதினவங்க யாரு இருக்கா?" என்றாள்.

என் விண்ணப்பமும் அப்போது பாதி நிரப்பியபடி மேசை இழுப்பறையில் கிடந்தது. கடிதம் கேட்டு நான் போன இரண்டு வக்கீல்களில் ஒருவர் "பார்க்கலாம் சார்" என்றார், இன்னொருவர் என் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். அந்த எரிச்சலும் சேர, அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். பொய் எழுதவில்லை. அவளைக் கவிழ்க்கிற உண்மைகளாகப் பார்த்துப் பொறுக்கினேன். முன் தீர்ப்புகளை மேற்கோள் காட்டுவதில் பலவீனமானவர். விசாரணையை நிறுத்தி எல்லாரையும் கட்டடத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். மேஸ்திரி பேச்சுக்கும் பொறியாளர் பேச்சுக்கும் ஒரே மதிப்புக் கொடுப்பார். கடைசியாக என் துருப்புச் சீட்டு: ஒரு பள்ளிக்கூட வழக்கில், தன் கட்சிக்காரர்தான் வரைபடத்தை நாற்பது நாள் தாமதமாகக் கொடுத்தார் என்று விசாரணையிலேயே ஒப்புக்கொண்டு அந்தக் கட்சிக்காரரையே இழந்தவர்.

மனைவி மேசையருகே வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, திட்டுறீங்களா, பாராட்டுறீங்களா?"

"திட்டத்தான் செய்யறேன்."

"படிச்சா அப்படித் தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் அவள் என் எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன். ஓர் இடத்தில் பேனாவை எடுத்து 'நாற்பது' என்பதை அடித்து 'நாற்பத்து மூன்று' என்று எழுதினாள். "நாற்பது இல்லப்பா, நாற்பத்தி மூணு நாள். மத்ததெல்லாம் சரிதான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.

அடுத்த மாதம் அந்த இடம் அவளுக்குப் போனது. குழுவில், தனக்கே பாதகமாக அவள் போட்ட அந்தத் திருத்தத்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்தார்களாம். அவளை நான்தான் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன். சோறு இறங்கவில்லை எனக்கு.

சென்ற வாரம் வழக்கு ஒன்றுக்காக அவளுடைய புது அறைக்குப் போக வேண்டியிருந்தது. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். நாற்காலியைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டேன்.

"இன்னொரு இடமும் காலியாகுது, நீ விண்ணப்பிச்சியா?" என்றாள்.

"பார்க்கணும்."

"லெட்டர்தானே பிரச்சனை? நான் எழுதறேன். உட்காரு, இப்பவே எழுதித் தரேன்."

தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தாள். அவள் முகத்தில் கிண்டல் இல்லை. நிஜமாகவே எனக்கு நல்லது செய்ய நினைத்தாள். ஒரு வார்த்தை கூட்டியும் எழுத மாட்டாள், குறைத்தும் எழுத மாட்டாள்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏம்ப்பா? நான் ஒண்ணும் பொய் எழுத மாட்டேனே."

"தெரியும். அதைப் படிச்சுட்டு உண்மைதான்னு நான்ல கையெழுத்துப் போடணும்."