படகுத்துறை என்றொரு சர்வர்

காலை எட்டரை மணிக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில், பக்கத்து யூனிட்டின் பெயின்ட் வாசனை எங்கள் கணினி அறைக்குள் வந்துவிடும்... அதன் பின்னாலேயே எலக்ட்ரீஷியன் பாஷா வருவார்.

"நம்ம மெஷினு உசுரோட கீதுங்களா சார்?"

நாங்கள் இருவரும் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரைத்தான் கேட்பார். இணையத்தில் யார் எதைப் படிக்கிறார்கள் என்று வெளியே தெரியாதபடி, தன்னார்வலர்களின் சர்வர்கள் வழியாகத் தகவலைக் கைமாற்றி விடும் வலையமைப்பு ஒன்று உண்டு. அந்த சர்வர்களுக்கு ரிலே என்று பெயர். 2008 வாக்கில் நாங்களும் ஒன்று நடத்தினோம்.

பாஷா பழவேற்காட்டுக்காரர். 'படகுத்துறை' என்று பெயர் வைத்தது அவர்தான். "ஏறுறவன் யாரு, எங்க போறான்னு படகு கேட்டுக்கினா கீது?"

ரிலேயின் பதிவு விவரங்களை நிரப்பியது நான். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று பழகியவன். தொடர்பு முகவரியில் இனிஷியலோடு முழுப் பெயர், பதவி, மணவாள நகர் வீட்டின் கதவு எண் வரை எழுதிவிட்டேன். அது உலகமே பார்க்கும் பட்டியலில் வரும் என்று பிறகுதான் தெரிந்தது.

"அல்லாரும் மூஞ்சிய மறைச்சிக்கினு நிக்கிற எடத்துல, நீங்க மட்டும் ரேஷன் கார்டோட நிக்கிறீங்க சார்."

அழித்திருக்கலாம். அழித்தால் எதையோ மறைப்பதாக நினைப்பார்களோ என்று அதற்கும் பயம்.

பாஷா தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, சர்வர் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. எங்கள் ரிலே வழியாக யாரோ வேறொரு தளத்தில் தொல்லை செய்திருக்கிறார், ஒரு நாளுக்குள் விளக்கம் தேவை. பாஷாவுக்குப் போன் செய்தேன்.

"நாம இன்னா சார் பண்ணோம்? இது ரிலேன்னு எய்தி அனுப்புங்க, அவ்ளோதான்."

எழுதினேன். ஏழு முறை படித்தேன்... அனுப்பவில்லை. அந்தக் கதவு எண்ணே கண்ணில் நின்றது. சர்வரை ரத்து செய்தேன்.

திரும்பி வந்தவர் வழக்கம் போலக் கேட்டார். கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டான் என்றேன். அவர் நம்பினார். அடுத்த வருடம் துபாய் போனார். அவர் நம்பரும் மாறிவிட்டது.

இன்று சர்வர் எடுக்கப் பத்து நிமிடம் போதும். அன்று இருவரும் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம்... அந்த இரண்டு வாரத்துக்குத்தான் மனம் ஏங்குகிறது.

போன மாதம் ஒன்று எடுத்திருக்கிறேன். அதே பெயர். புகார் வந்தால் அனுப்ப வேண்டிய பதிலும் தயார். முகவரியில் இந்த முறை தெரிந்தேதான் முழுப் பெயரை எழுதினேன். என்றாவது பாஷா அந்தப் பட்டியலைப் பார்த்தால், என்னைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமே.

அன்று நிறுத்தியது நான்தான் பாஷா.

மெஷின் இப்போது உயிரோடு இருக்கிறது.