சாம்பல் தோட்டத்தில் காதர் மச்சான்

பேய் என்றும் ஜின் என்றும் யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் காற்று பிடித்துவிட்டது என்று தாயத்துக் கட்ட வந்தபோது, அது காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சத்தம் போட்டவன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது. நான் ஒரு சொட்டுக் குடித்திருக்கவில்லை, காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா சபுராவின் புருஷன் காதர் மச்சான். விருத்தாசலம் ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு பீங்கான் சூளையில் வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார். சூளையில் விரிசல் விட்ட கப்பு, காது ஒடிந்த கப்பு என்று கழித்துப் போடுவதை எல்லாம் அக்காவுக்கு எடுத்து வருவார், அக்கா அதில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் உப்பும் மிளகும் போட்டு வைக்கும். எங்கள் வீட்டில் காது உள்ள கப்பே கிடையாது என்று அம்மா திட்டும். கல்யாணமாகிச் சில வருஷம்தான் இருக்கும், பிள்ளை இல்லை. ஒருநாள் சேலத்தில் ஒரு வேலை இருக்கிறது, விசாரித்துவிட்டு நாளைக்கே வந்துவிடுகிறேன் என்று காலை ரயிலுக்குப் போனார். மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான், மனிதர் திரும்பவே இல்லை.

தேடாத இடமில்லை. சேலம் முழுக்க அலைந்தோம், நாகூர் போனோம், ஈரோட்டில் பார்த்ததாக ஒருவர் சொன்னதை நம்பி அங்கேயும் போனோம். சண்டை கிடையாது, கடன் கிடையாது, வேறு பெண் என்று ஊரில் ஒரு பேச்சும் கிடையாது. அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. வருஷங்கள் போன பிறகு ஜமாஅத்துப் பெரியவர்களே வந்து, இத்தனை காலம் தகவல் இல்லாத புருஷனிடமிருந்து விடுதலை வாங்கித் தர வழியிருக்கிறது, பொண்ணு சின்ன வயசு, வேறு இடம் பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொன்னார்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர், பெண்டாட்டி இறந்து போனவர், நல்ல மாதிரி, கேட்டும் வந்தார். அக்கா ஒரே பேச்சாக முடித்துவிட்டது. "அவுரு எங்கயோ உசுரோட இருக்குறாரு. வந்து வூட்டுல நான் இல்லன்னா யாருகிட்ட போயி நிப்பாரு?" என்றது. ராத்திரிச் சோற்றில் ஒரு பங்கு எடுத்து மூடி வைக்கும், காலையில் அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கும். ஆள் நாளுக்கு நாள் உருகிக்கொண்டே வந்தது. கழுத்தில் தாலியாகக் கிடந்த கருகமணி மட்டும்தான் கனமாகத் தெரியும்.

வீட்டில் சம்பாதிக்க ஆள் வேண்டுமே. நான் பம்பாய்க்குப் போனேன், ஓட்டலில் தட்டுக் கழுவினேன், அங்கே பழக்கமான ஒருவர் மூலமாகக் கப்பலில் ஏறினேன். சரக்குக் கப்பல் இல்லை, வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிற பெரிய பயணிகள் கப்பல். எனக்கு வேலை சமையல் கட்டில். கூட சூசை என்று தூத்துக்குடிக்காரர் ஒருவர், என்னைவிட மூத்தவர், அவர் இல்லாவிட்டால் நான் முதல் மாதமே அழுதுகொண்டு திரும்பியிருப்பேன்.

அந்தக் கப்பல் ஒரு தடவை ஆப்பிரிக்கா ஓரமாக இருக்கிற கானரித் தீவுகளில் ஒன்றில் நின்றது. காலையில் பயணிகளை இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, எரிமலையையும் திராட்சைத் தோட்டத்தையும் காட்டிவிட்டு மதியத்துக்குள் கப்பலுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும், அரைநாள் சுற்றுலா. தண்ணீரும் சாப்பாட்டுப் பொட்டலமும் தூக்குவதற்கு சமையல் கட்டிலிருந்து இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். நானும் சூசையும் போனோம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகை போயிற்றே என்று எனக்கு மனசு ஒரு மாதிரி இருந்தது. சாயங்காலம் ரமலான் பிறை தெரியுமா என்று பார்க்க வேண்டும் என்று கப்பலில் இருந்த நாங்கள் நாலைந்து முஸ்லிம்களும் முந்தின நாளே பேசி வைத்திருந்தோம். அதனால்தான் அந்த நாள் எனக்கு மறக்கவில்லை, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதிரி மண்ணை நான் பார்த்ததில்லை. மரமில்லை, புல்லில்லை. கண்ணுக்கெட்டிய வரைக்கும் கறுப்பு, அங்கங்கே பழுப்புச் சிவப்பில் மலைகள், எல்லாம் ஒரே நாளில் எரிந்து அணைந்த மாதிரி. ஓரிடத்தில் ஒரு ஆள் காய்ந்த செடியைக் குழிக்குள் போட்டார், நெருப்பு வைக்காமலே அது பற்றிக்கொண்டது. தரையில் புதைத்திருந்த குழாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், உஸ்ஸென்று ஆள் உயரத்துக்கு மேல் ஆவி கிளம்பியது. வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். எனக்கு எங்கள் ஊர்ச் சூளை ஞாபகம்தான் வந்தது. சூளையை அணைத்த பிறகு பிரிப்பதற்கு முன்னால் ஒரு வாடை வருமே, அதே வாடை. இந்தத் தீவே பிரிக்காமல் விட்டுப்போன சூளை மாதிரி இருந்தது. சீக்கிரம் கப்பலுக்குப் போனால் தேவலை என்று இருந்தது எனக்கு.

பிறகு திராட்சைத் தோட்டம். தோட்டம் என்றதும் பந்தல் போட்டுப் பச்சையாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கே பந்தல் இல்லை. கறுப்புச் சாம்பலில் புனல் மாதிரி குழி வெட்டி, குழிக்கு ஒரு கொடி, அதைக் காற்று அடிக்காமல் இருக்கக் குழி ஓரத்தில் பிறை வடிவத்தில் கருங்கல் அடுக்கு. மலை அடிவாரம் வரைக்கும் ஆயிரக்கணக்கில் அந்தக் குழிகள். சூசை அதைப் பார்த்ததுமே சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் பார்த்த மாத்திரத்தில் கபர்க் குழிதான் தோன்றியது, வெட்டி முடித்து ஆளுக்காகக் காத்திருக்கிற கபர்.

பயணிகளை ஒரு கொட்டகைக்குள் ஒயின் ருசி பார்க்கக் கூட்டிப் போனார்கள். நான் குடிக்கிறவன் இல்லை. பொட்டலங்களை இறக்கி வைத்துவிட்டு, ஒரு பீடி குடித்துவிட்டு வருகிறேன் என்று சூசையிடம் சொல்லிவிட்டுக் குழிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தேன். பலமான காற்று. ஒரு கல் அடுக்கின் மறைவில் குனிந்து பீடியைப் பற்ற வைத்து நிமிர்ந்தேன், பக்கத்துக் குழிக்குள் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, கொடியின் வேரில் சரிந்திருந்த சாம்பலை இரண்டு கையாலும் ஒதுக்கிக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் என்று நினைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹனீபா, அங்கயே நில்லு. எறங்கிடாத."

தமிழ். எங்கள் ஊர்த் தமிழ். என் பேர். அந்தத் தீவில் என்னையும் சூசையையும் விட்டால் தமிழ் பேச ஒரு ஆள் கிடையாது. எனக்குப் பயம்கூட உடனே வரவில்லை. குரல் யாருடையது என்று காதுக்குத் தெரிந்துவிட்டது, புத்திக்குத்தான் தெரியவில்லை.

அவர் திரும்பினார். காதர் மச்சான். ரயிலுக்குப் போன அன்றைக்கு எப்படி இருந்தாரோ அப்படியே, ஒரு நரை இல்லை, முழங்கால் வரைக்கும் சாம்பல். ஒன்று சொல்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம். அவ்வளவு காற்றில் என் சட்டை படபடவென்று அடித்துக்கொள்கிறது, அந்தக் கொடியின் இலைகூட நடுங்குகிறது, அவர் சட்டை மட்டும் அசையவில்லை.

நான் என்னவோ கேட்டேன், எங்கே போனீங்க மச்சான், இங்கே எப்படி வந்தீங்க என்று உளறியிருப்பேன். அக்கா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்குது, சோறு எடுத்து வைக்குது என்றேன். அதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒங்க அக்காவ இத்தாவுல ஒக்கார சொல்லு."

இத்தா என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், புருஷன் மவுத்தாகிவிட்டால் பெண்பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வராமல் துக்கம் இருக்கிற காலம். "யாருக்கு மச்சான் இத்தா?" என்று கேட்டேன். மறுபடியும் திரும்பி உட்கார்ந்து சாம்பலை ஒதுக்க ஆரம்பித்தார்.

இறங்காதே என்று சொன்னாரே, நான் இறங்கினேன். அவரை ஒரு தடவை தொட்டுவிட வேண்டும் என்றிருந்தது. சாம்பல் சரசரவென்று சரிந்தது, முழங்கால் வரைக்கும் புதைந்து, வழுக்கிக்கொண்டே அடிக்குப் போனேன். அங்கே கொடி மட்டும் இருந்தது. சுற்றிலும் பார்க்கிறேன், நான் சரிந்து வந்த தடத்தைத் தவிர வேறு ஒரு காலடி இல்லை. கொடியின் வேரடி மட்டும் இப்போதுதான் கையால் ஒதுக்கிய மாதிரி சுத்தமாக இருந்தது.

எப்படி மேலே ஏறினேன் என்று தெரியாது. ஏறினால் பஸ் ஹாரன் விடாமல் அடிக்கிறது. சூசை மூச்சிரைக்க ஓடி வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார், முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. பயணிகள் எல்லாரும் ஏறி உட்கார்ந்து வெகு நேரமாகிறதாம், என்னை விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று வழிகாட்டி சொல்லிவிட்டாராம், இவர்தான் கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறார்.

"எங்க போய்த் தொலைஞ்ச? இந்தக் குழிய நானே வந்து எட்டிப் பாத்தேன். உள்ள ஒரு ஆளும் இல்ல."

என் விரலிடுக்கில் பீடி பாதிகூட எரிந்திருக்கவில்லை. அது இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

சூசையிடம்கூட நான் சொல்லவில்லை. சாயங்காலம் மேல்தளத்தில் பிறை தெரிந்தது, எல்லாரும் கையேந்தித் துவாக் கேட்டார்கள், நான் சமையல் கட்டுக்கு இறங்கிவிட்டேன். ஊருக்கு எழுதலாம் என்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். என்ன எழுதுவது? உயிரோடு பார்த்தேன் என்று எழுதினால் அக்கா ஆயுசு முழுக்கக் காத்திருக்கும். மவுத்தாகிவிட்டார் என்று எழுத எனக்கு என்ன சாட்சி இருக்கிறது? நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒப்பந்தம் முடிந்து, மாதங்கள் கழித்து ஊருக்கு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அக்கா வெள்ளைப் புடவையில் இருந்தது. கழுத்தில் கருகமணி இல்லை. அம்மா என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தது. ஒரு தகவலும் வராமல், யார் சொல்லியும் கேட்காமல், தானாகவே கருகமணியைக் கழற்றி வைத்துவிட்டு இத்தாவில் உட்கார்ந்துவிட்டதாம். ஜமாஅத்தில் கூப்பிட்டு விட்டு, பள்ளிவாசல் ஹஜ்ரத் சத்தம் போட்டும் பார்த்தாராம். இத்தா முடிந்தும்கூட அந்த வெள்ளையை அது மாற்றவில்லை.

என்றைக்கு என்று கேட்டேன். நோன்புக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, அஸர் தொழுதுவிட்டு, பிறை பார்க்கத் தெருவில் பிள்ளைகள் கூடுவதற்கு முன்னால் என்றது அம்மா. அங்கே உச்சி வெயில் என்றால் நம் ஊரில் சாயங்காலம் என்று கப்பலிலேயே எனக்குக் கணக்குத் தெரியும். நான் அந்தக் குழியோரம் நின்ற அதே நேரம்.

அக்கா அழவில்லை. மெதுவாகச் சொன்னது. கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது மச்சான் கிணற்றடியில் வந்து நின்றாராம், காலெல்லாம் சாம்பல். "ஹனீபாகிட்ட சொல்லிட்டேன்" என்றாராம், அவ்வளவுதான் பேச்சு. அக்கா எழுந்து ஓடினால் ஆள் இல்லை. நான் இன்னும் என் கதையை வாய் திறந்து சொல்லவே இல்லை என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா எழுந்து வந்து என் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தது, காய்ச்சலா என்று பார்ப்பார்களே அந்த மாதிரி.

"நீயும்தான அவுரு பக்கத்துல நின்ன. ஒரு வார்த்த பேசல. அதனாலதான் ஒனக்கும் ஏதோ ஆயிட்டுதுன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புருஷனை நினைத்து நினைத்து நொந்த மனசு, கூடத் தம்பியையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது என்று சமாதானம். அக்காவுக்கும் ஒரு வழி பிறந்தது. அடுத்த வருஷம் அந்த ஸ்ரீமுஷ்ணத்துக்காரரையே நிக்காஹ் செய்துகொண்டது, இரண்டு பிள்ளைகள், நல்லபடியாகத்தான் இருந்தது. காதர் மச்சான் என்ன ஆனார் என்று இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

அதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். அக்கா கல்யாணம் முடிந்து நான் மறுபடி கப்பலுக்குக் கிளம்புகிற சமயம், எதிர் வீட்டு லூர்து மேரி அக்கா வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டது. மாதா கோயிலில் பூ வேலை பார்க்கிற பெண்பிள்ளை, பொய் பேசுகிற ஆள் இல்லை, எங்கள் வீட்டில் நடந்த பேச்சு எதுவும் அதற்குத் தெரியாது. இந்தத் தடவையாவது சொல்லிட்டுப் போறியே என்று சிரித்தது. எனக்குப் புரியவில்லை. போன நோம்புக்கு முந்தின நாள் வந்தியே, கூப்பிடக் கூப்பிடத் திரும்பியே பாக்காம வூட்டுக்குள்ள போயிட்டியே, காலெல்லாம் கரி, செருப்புகூட இல்ல, என்னா கோவமோன்னு நெனச்சேன் என்றது.

கூட யார் வந்தது என்று கேட்டேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"யாரும் இல்லியே. நீ மட்டுந்தான் போன. வெளக்கு வெக்கிற வரைக்கும் நான் இதே எடத்துலதான் ஒக்காந்து பூ கட்டிகிட்டு இருந்தேன். நீ திரும்பிப் போனத நான் பாக்கவே இல்ல."